கண்டிக் காவற்படைச் சேமக்காலை: சிதைந்த கற்களும் கல் இல்லாதோரும்

கண்டியில் தலதா மாளிகையின் பின்புறமாக, தேசிய நூதனசாலையைக் கடந்து மேட்டை நோக்கிச் செல்லும் சிறுபாதையில் ஏறுவோர், சில நிமிட நடையில் மரநிழல் சூழ்ந்த பழைய சேமக்காலை ஒன்றை அடைவர். 1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபின், அங்கு நிறுத்தப்பட்ட காவற்படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அடக்கவிடமாக அமைந்தது இது. 1817 முதற்கொண்டு பயன்பட்ட இவ்விடத்தில் 195 பேர் அடங்கியுள்ளதாகப் பதிவு கூறும். நகர எல்லைக்குள் பிரேதங்களை அடக்கலாகாது என்ற தடையின் விளைவாக 1873இல் இது மூடப்பட்டது. ஏலவே இங்கு அடங்கியிருந்தோரின் உறவினர் சிலருக்கு மட்டும் பின்னரும் விலக்களிக்கப்பட்டது. தலதா மாளிகையைத் தரிசிக்க வரும் பெருந்தொகையான யாத்திரிகருள் இப்பாதையில் ஏறுவோர் மிகச் சிலரே. நான்கு மைல் அப்பாலிருந்து வரலாறு பயில்வோருள் ஏறியவர் எத்தனை பேர் என்பதும் கேட்கத்தக்க வினாவே.

இங்கு நினைவுகூரப்படுவோருள் கப்டன் ஜேம்ஸ் மக்கிளாசன் என்பவர் ஒருவர். நெப்போலியனுக்கு எதிரான போர்களிலே போர்த்துக்கலின் புசாக்கோ (1810), ஸ்பெயினின் அல்புவேரா (1811), வித்தோரியா (1813) ஆகிய களங்களில் நின்று, ஈற்றில் 1815இல் வோட்டர்லூவிலும் போரிட்டு உயிர் தப்பியவர் அவர். அல்புவேராக் களத்திலே சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான பிரித்தானியப் படையினர் வீழ்ந்தனர் என்பது ஐரோப்பியப் போர் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. அத்தகைய களங்களிலே பிழைத்தவர், 1817இல் திருக்கோணமலையிலிருந்து கண்டிக்கு நடந்து வந்தார். வழியில் மழையில் நனைந்தார்; இடையளவு நீரோடிய ஆறுகளைக் கடந்தார்; நனைந்த உடையோடு நிலத்திற் படுத்துறங்கினார். கண்டியை அடைந்ததும் கடுங்காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 26.

மக்கிளாசனின் நினைவுவாசகம் அவருடைய வீரத்தைப் புகழ்வதோடு நிற்கவில்லை. இந்நாட்டுக் காலநிலைக்கு வேண்டியனவெனக் கருதப்பட்ட முன்னெச்சரிக்கைகளை அவர் பொருட்படுத்தாதிருந்தமையையும் அது சொல்லிச் செல்கிறது. இறந்தவரைக் குறைகூறும் தொனி இரங்கற் கல்லில் எவ்வாறு வந்தது என்று வியப்போர், அக்கால மருத்துவ நம்பிக்கையை மனங்கொள்ளல் வேண்டும். ஈரமும், அழுகிய இலைதழைகளிலிருந்து எழும் தீய ஆவியுமே காட்டுக்காய்ச்சலுக்குக் காரணமென அன்றைய படை மருத்துவர் நம்பினர். மலேரியாவை நுளம்பு காவுகிறது என்பதற்கான சான்றினை ரொனால்ட் றொஸ் கண்டது 1897இல். அதாவது மக்கிளாசன் இறந்து 80 ஆண்டுகள் கழிந்தபின். எனவே அவர் நனைந்தமையே அவரைக் கொன்றது என்று எழுதியோர் தாம் அறிந்த அளவில் உண்மையையே எழுதினர். ஒரு மனிதரின் வாழ்க்கையோடு, ஒரு காலத்தின் அறிவெல்லையையும் அக்கல் தாங்கி நிற்கிறது. கல் சிதையுமாயின் இரண்டும் போகும்.

இச்சேமக்காலையில் முதிர்ந்த வயதில் இறந்தோரைத் தேடித்தான் காணவேண்டும். காய்ச்சலும் வாந்திபேதியும் வயிற்றோட்டமும் படையினரையும் அவர்தம் மனைவியரையும் குழந்தைகளையும் ஒருங்கே கொண்டுபோயின. பிற்காலத்திலே கோப்பிச் செய்கையை நாடி வந்தோரும் இவர்களோடு சேர்ந்தனர். இலங்கையில் காட்டு யானையாற் கொல்லப்பட்டவராகப் பதிவுபெற்ற ஐரோப்பியருள் ஏழாமவரும் கடைசியானவருமான ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் றொபேட்சனும் இங்கேயே அடங்கியுள்ளார். பார்வையாளரின் கவனத்தை முதலில் ஈர்ப்பது இவர் கதையே. யானைக்குப் பலியானவர் ஒருவர்; காய்ச்சலுக்குப் பலியானவர் பலர். ஆயினும் யானைக் கதைக்கு உள்ள கவர்ச்சி காய்ச்சலுக்கு இல்லை. வரலாற்று மாணவர் இக்கவர்ச்சியைச் சற்று விலக்கி நோக்குதல் நன்று.

கல்லறைகள் சிதைவது ஒரு நாளில் நிகழ்வதன்று. இத்தகைய சேமக்காலைகளிலுள்ள நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் செங்கல்லால் எழுப்பிச் சுண்ணச்சாந்து பூசப்பட்டவை. அவற்றின் முகத்திலே சலவைக்கல்லோ கருங்கல்லோ பதித்து எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். சாந்து வெடித்த இடத்தில் மழைநீர் இறங்கும். பறவை இட்ட ஆலம்வித்து அவ்வெடிப்பில் முளைக்கும். வேர் பருக்குந்தோறும் செங்கல் பிளக்கும். கற்களைப் பிணைக்க உள்ளே வைத்த இரும்புப் பட்டைகள் துருவேறிப் பருத்துக் கல்லையே உடைத்துவிடும். சலவைக்கல்லின் மேற்பரப்பு நீண்டகால மழையாற் கரைந்து சீனிபோல் உதிரும். அப்போது முதலில் மறைவது நுண்ணிய எழுத்தே. பெரிய எழுத்தில் வெட்டிய பெயர் நின்றுவிட, சிறிய எழுத்தில் வெட்டிய படைப்பிரிவும் நோயும் வயதும் போய்விடுகின்றன. வரலாற்றாசிரியன் தேடுவது பெரும்பாலும் இச்சிறிய எழுத்தையே.

இவையெல்லாம் இயற்கையின் செயல்கள். இவற்றுக்கு இடங்கொடுத்தது மனிதரின் அகற்சி. படைப்பிரிவொன்று சில ஆண்டுகள் தங்கி வேறு குடியேற்ற நாடொன்றுக்கு மாற்றப்படும். தோழனுக்குக் கல் நாட்டியவன் அதனை மீண்டும் காண்பதில்லை. விதவை கப்பலேறிப் போவாள். தன் ஊரின் சேமக்காலையிலே தாய் தந்தையரின் கல்லறையை ஆண்டுதோறும் வெள்ளையடித்து மெழுகுதிரி ஏற்றும் உறவினர் போன்று ஒருவரும் இங்கு இலர். 1873இல் வாயில் மூடப்பட்டபின் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் செடிகொடிகளே இவ்விடத்தை ஆண்டன.

சட்டம் இதனைக் காக்கவில்லையா என்ற வினா எழலாம். இங்கே வரலாற்றின் வேடிக்கை ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்டனவற்றையே பண்டைச் சின்னங்களென வரையறுத்தது. கல்லறைகளும் அவ்வரையறையுள் அடங்கும். ஆனால் அத்தேதிக்குப் பிற்பட்ட கல்லறையாயின், தனியே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டாலன்றிச் சட்டத்தின் காவல் அதற்கில்லை. அத்தேதி யாது? கண்டி ஒப்பந்தத்தின் தேதி அது. அவ்வொப்பந்தம் உருவாவதிலே முதன்மைப் பங்கு கொண்டவர் ஜோன் டொயிலி. சிங்களத்தைக் கற்றுத் தேர்ந்து, பிரதானிகளோடு இரகசியத் தொடர்பு பூண்டு, போரின்றியே இராச்சியம் கைம்மாற வழிசமைத்தவர்; பின்னர் கண்டியிலே வதிவிடப் பிரதிநிதியாக இருந்து 1824 மே மாதத்தில் காய்ச்சலால் இறந்தவர். அவர் அடங்கியிருப்பதும் இச்சேமக்காலையிலேயே. தாம் எழுதிய ஒப்பந்தத்தின் தேதியே தம் கல்லறையைப் பண்டைச் சின்னங்களின் வரிசையிலிருந்து விலக்கும் எல்லைக்கோடாகும் என்பதை டொயிலி எண்ணியிருக்கமாட்டார்.

பிரித்தானியப் படையினரின் கல்லறைகளைப் பேணுதற்கென அமைந்த நிறுவனத்துக்கும் இவ்வாறே ஓர் எல்லைக்கோடு உண்டு. முதலாம் உலகப்போரின் நடுவே, 1917 மே மாதத்தில் பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழு நிறுவப்பட்டது; பின்னாளில் அதுவே பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு எனப் பெயர் மாறிற்று. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் படைச்சேவையின்போது இறந்தோரின் கல்லறைகளே அதன் பொறுப்பு. கண்டியிலேயே அதன் பராமரிப்பில் வேறொரு சேமக்காலை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து இறந்த பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனப் பல நாட்டவர் இருநூற்றுவருக்குச் சற்று மேற்பட்டோர் அங்கு அடங்கியுள்ளனர். புல் வெட்டப்பட்டு, பூச்செடிகள் ஒழுங்காக நடப்பட்டு, கற்கள் ஒரே அளவினவாய் வரிசையில் நிற்கும். பதவியாலோ இனத்தாலோ சமயத்தாலோ கல்லில் வேற்றுமை காட்டலாகாது என்பது அவ்வாணைக்குழுவின் அடிப்படைக் கொள்கை. வோட்டர்லூவில் போரிட்ட மக்கிளாசனோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்தி இறந்தமையால் எவர் பொறுப்பிலும் சேராதவரானார். 1976இல் இங்கிலாந்தில் தோன்றிய தென்னாசியப் பிரித்தானியச் சேமக்காலைகளுக்கான சங்கம் போன்ற தன்னார்வ அமைப்புகள் எழுந்தது இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பவே.

எனினும், கல்லைக் காக்குமுன் கல்லிலிருந்த எழுத்தைக் காத்தவர் ஒருவர் இலங்கையில் இருந்தார். வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் கைந்நூல் வெளியிட்டமையால் தமிழ் வாசகருக்கு அறிமுகமான சிவில் சேவையாளர் ஜே. பென்றி லூயிஸ், இலங்கையின் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள வாசகங்களைத் தொகுத்து 1913இல் கொழும்பிலே ஒரு பெருநூலாகப் பதிப்பித்தார். இறந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளை வேறு ஆவணங்களிலிருந்து தேடி அதிற் சேர்த்ததோடு, கல் நாட்டப்படாதோர் பலரின் இறப்பையும் அதே நூலில் தனியே குறித்துச் சென்றமை அவருடைய வரலாற்று நோக்கிற்குச் சான்று. கற்கள் தேயத்தேய அந்நூலின் பெறுமதி உயர்ந்து வந்திருக்கிறது.

தேய்ந்த எழுத்தைப் பற்றிய கவலை தமிழருக்குப் புதியதன்று. அகநானூற்றுப் பாலைப் பாடல்களிலே, சுரவழியில் நிற்கும் நடுகற்களின் எழுத்துகள் மழுங்கியமையால் வழிச்செல்வோர் அவற்றைச் செவ்வனே படிக்க இயலாது திகைக்கும் காட்சி வருகின்றது. அம்பு தீட்டியதனால் தேய்ந்த கல்லும் அங்கே உண்டு. வீரனுக்கு நாட்டிய கல்லே மற்றொருவன் படைக்கலத்தைத் தீட்டும் கல்லாயிற்று. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளை வகுத்தது. பழுதுபார்த்தல் என்பது அவ்வாறனுள் இல்லை. கல் எடுத்தோர் வழிவழியாக அதனைப் படையலிட்டு வழிபடும்வரை அது வேண்டப்படாதிருந்திருக்கலாம். வழிபடுவோர் நீங்கியதும் நடுகல்லும் சுரத்தின் மற்றக் கற்களோடு கல்லாயிற்று. கண்டிச் சேமக்காலைக்கு நேர்ந்ததும் இதுவே.

1990களின் பிற்பகுதியில் தன்னார்வலரின் முயற்சியால் இச்சேமக்காலை துப்புரவாக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. வீழ்ந்த கற்கள் நிமிர்த்தப்பட்டன. இன்று காவலாளர் ஒருவரின் பராமரிப்பில் பார்வையாளருக்குத் திறந்துள்ளது. இப்பணி பாராட்டுக்குரியது. ஆயினும் செப்பனிடுதல் என்ற சொல்லிலே ஆபத்தும் உண்டு என்பதைப் பொதுவாகச் சொல்லிவைத்தல் வேண்டும். பழைய சுண்ணச்சாந்தின்மேல் சீமெந்து பூசினால் பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் சுண்ணச்சாந்து நீரை உறிஞ்சி மீள வெளியே விடும் இயல்பினது. சீமெந்து அதனை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரமும் உப்பும் செங்கல்லையும் கல்லையும் உள்ளிருந்தே அரிக்கும். கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் பாசியைத் தேய்த்தெடுத்தால் கல் வெண்மையாகும். எழுத்தின் விளிம்பும் பாசியோடு போகும். எல்லாவற்றினும் தீயது, மங்கிய எழுத்தைச் சிற்பியிடம் கொடுத்துப் புதிதாக வெட்டுவித்தல். 1817இல் வெட்டியவனின் கை அங்கே அழிந்து, புதியவனின் ஊகம் எஞ்சுகிறது. 3 என்பது 8 ஆவதற்கு ஓர் உளிவீச்சுப் போதும். சிதைந்த ஏட்டுச்சுவடியின் எழுத்தைத் தம் எண்ணத்துக்கேற்ப நிரப்பிவிட்டு மூலத்தை எறிந்த பதிப்பாசிரியரை எவரும் மன்னியார். கல்லுக்கும் நியதி அதுவே. மென்மையான தூரிகை, தூய நீர், சுண்ணச்சாந்து, பொறுமை ஆகிய நான்கும் பெரும்பாலும் போதும். எழுத்தைப் படிக்க வேண்டுவோர் காலையிலோ மாலையிலோ, கதிரொளி கல்லின் முகத்தில் சாய்வாக விழும் நேரத்தில் வந்து படம்பிடித்தால், நண்பகலிற் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழல்கொண்டு எழும்.

இனி, நெடுநாளாகச் சொல்லப்படும் தடை ஒன்றுண்டு. நாட்டைப் பிடித்தவனின் கல்லறையை நாட்டவர் ஏன் காக்கவேண்டும்? இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1817-18 ஊவா எழுச்சியை அடக்கும்பொருட்டு வயல்கள் அழிக்கப்பட்டன, ஊர்கள் எரிக்கப்பட்டன. தேசாதிபதி பிறவுன்றிக்கின் மருத்துவராயிருந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலிலே, போராலும் நோயாலும் பஞ்சத்தாலும் மாண்ட கண்டியர் ஒருவேளை 10,000 பேர்வரை இருக்கலாம் என மதிப்பிட்டார். அவருள் ஒருவருக்கேனும் 1818இல் எவரும் கல் நாட்டவில்லை. அவர்களை அடக்கியோரின் கற்களுக்கோ இன்று சுண்ணச்சாந்து தேடப்படுகிறது.

இத்தடைக்கு விடையாகப் பெருந்தன்மையைச் சொல்வாருண்டு. வரலாறு பயில்வோனுக்கு அதைவிட வலிய விடை தேவை. அக்கற்கள் பேரரசின் புகழுக்கு மட்டும் சாட்சியல்ல. இருபது வயதினரை ஆயிரக்கணக்கான மைல் கடத்திவந்து, அறியாத நோய்க்கு இரையாக்கிய முறையொன்றின் கணக்கேடும் அவையே. வயதையும் நோயையும் வரிசையாகப் படிப்போருக்கு, வெற்றியின் விலை எத்துணை என்பதும் அதனை யார் கொடுத்தனர் என்பதும் தாமே விளங்கும். தோற்றவன் பக்கத்துச் செய்தியை மீட்பதற்கும் வென்றவன் விட்டுச்சென்ற சான்றே பலவேளைகளில் கிடைக்கும் ஒரே வழி. அதனை அழித்தால் ஊவாவில் இறந்தோருக்குக் கல் கிடைத்துவிடாது.

கல்லறையை அழிப்பதன் பொருள் யாது என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2009இல் போர் முடிவுற்றபின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. அங்கு அடங்கியோரின் அரசியலைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம், இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் பெயர் எழுதிய கல் இருந்த இடத்தைத் தேடிக் கார்த்திகை மாதத்தில் வெற்று மண்ணின்முன் நிற்கும் தாயின் துயரத்திலே கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. பகைவனின் கல்லறையும் கல்லறையே என்ற நியதியைக் கண்டியிலே ஏற்காதவர், கோப்பாயிலே அதனை வேண்டி நிற்றல் அரிது. கண்டியிலே அதனை ஏற்போரும் கோப்பாயை மறக்கலாகாது.

டொயிலியின் சூழ்ச்சியால் அரியணை இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறையும் இவ்விடத்து எண்ணத்தக்கது. நாயக்க மரபினனான அம்மன்னன் வேலூரிலே சிறையிருந்து 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையிலுள்ள அவன் சமாதிக்குத் தமிழ்நாட்டரசு 1990இல் முத்துமண்டபம் எழுப்பிற்று. வென்றவனின் துணைவன் கண்டி மண்ணிலும் கண்டி மன்னன் வேலூர் மண்ணிலும் அடங்க, இரண்டு கல்லறைகளும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தே கவனிப்புப் பெற்றன.

கல்லைக் காத்தபின்னும் எஞ்சும் பணியே பெரிது. சேமக்காலையிலுள்ள படையினரின் கற்களை நோக்குவோர், அதிகாரிகளின் பெயர்களையே மிகுதியும் காண்பர். கல்லுக்கும் கல்வெட்டுக்கும் பொருள் வேண்டும். சாதாரணச் சிப்பாயின் சம்பளத்தில் அது இயலாது. கண்டியைப் பிடித்ததும் காத்ததும் வெள்ளைப் படையினர் மட்டுமல்லர். மலாயரும், இந்தியச் சிப்பாய்களும், மொசாம்பிக் முதலிய ஆபிரிக்கப் பகுதிகளிலிருந்து விலைக்கு வாங்கிக் கொணரப்பட்ட காபிரிகளும் இலங்கை ரெஜிமெந்துகளில் இருந்தனர். மலாயர் இஸ்லாமியராதலின் இக்கிறித்தவச் சேமக்காலையில் அவர்களைத் தேடுதல் பொருந்தாது. ஆனால் வேறெங்கே தேடுவது? ஆபிரிக்கப் படையினரின் வழித்தோன்றல்கள் புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். பாட்டனாரின் கல் என்று காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லை. இதற்கும் முந்தி, 1803 ஜூனில் மகாவலியைக் கடக்க முடியாது வட்டப்புளுவையிலே சரணடைந்து கொல்லப்பட்ட மேஜர் டேவியின் படையினருக்கும் கல்லறைகள் இல்லை. பின்னர் இதே மலைநாட்டுக்குக் கோப்பித் தோட்டங்களை நோக்கி மன்னார் வழியே நடந்து வந்து, பாதையோரத்தில் வீழ்ந்த தமிழ்த் தொழிலாளரோ எப்படைப்பிரிவிலும் சேர்ந்தவரல்லர்; ஆதலின் எவர் பட்டியலிலும் இடம்பெற்றிலர்.

படைவீரரைப் பொறுத்தவரை ஒரு வழி திறந்திருக்கிறது. பிரித்தானியப் போர்த் திணைக்களத்தின் வருகைப் பதிவேடுகளும் சம்பளப் பட்டியல்களும் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இலங்கை ரெஜிமெந்துகளின் ஏடுகளும் அவற்றுள் அடங்கும். மலாயப் படையினரைப் பற்றி பி. ஏ. ஹுசைன்மியா ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட நூல், இத்தகைய ஏடுகளிலிருந்து பெயரில்லாதோரின் வரலாற்றை எவ்வளவு மீட்கலாம் என்பதைக் காட்டிற்று. கண்டிக் காவற்படைக்கும் அதுபோல ஒரு பட்டியலை ஆக்கி, பென்றி லூயிஸ் 1913இல் படித்த வாசகங்களோடும், இன்று எஞ்சிய கற்களின் படங்களோடும் அடுத்தடுத்து வைத்தல் பல்கலைக்கழக மாணவர் சிலர் கூடிச் செய்யக்கூடிய பணியே. அவ்வேடுகளிலே படையினனுக்குச் சம்பளம் எந்த நாளுடன் நின்றது என்பது குறிக்கப்பட்டிருக்கும். கல் இல்லாதோர் பலருக்கு இறந்த நாளாக எஞ்சியிருப்பது அக்குறிப்பு ஒன்றே.